மல்லாட்டை அறையில் டைப்ரைட்டர்கள்

எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். இது வியாதியா பழக்கமா என்று கேட்க ஒரு டாக்டரிடம் போனேன். அவர் ஊசியைக் கையில் எடுத்ததும் சிரித்துத் தொலைத்துவிட்டு, கேள்வியைக் கேட்காமலேயே திரும்பி வந்தேன். அப்படிப்பட்டவன் திண்டிவனத்து அக்காவுக்கு முன்னால் எவ்வளவு சிரித்திருப்பேன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். அவரைப் பார்த்த முதல் நாளே சிரித்தேன். அதற்கப்புறம் பார்த்த ஒவ்வொரு நாளும் சிரித்தேன். ஒருநாள்கூட அவர் அதை நல்ல சுபாவம் என்று எடுத்துக்கொண்டதில்லை.

"இன்னாத்துக்கு இப்ப பல்லக் காட்டிகினு கீற?"

அவர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா இல்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கிருந்தாலும் குடையோடு வந்து நின்று, எம் பேர எதுக்கு இழுக்கற என்று கேட்பார். செத்துப்போனவர்கள் அப்படியெல்லாம் வரமாட்டார்கள் என்று செல்வி சொல்கிறாள். செல்வி என் மனைவி. தைரியசாலி. அவள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

விழுப்புரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. எனக்கு முன்னால் அந்த இடத்தில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், காலி செய்யும்போது ஒரு டைப்ரைட்டரை விட்டுவிட்டுப் போனார். கருப்பாக, கனமாக, பெரிய மேஜை மிஷின். அதை நகர்த்த யாருக்கும் மனசு வராததால் வாசல் ஓரமாகவே கிடந்தது. செல்வி அதன்மேல் ஒரு மணி பிளான்ட் தொட்டியை வைத்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது. வந்து போகிறவர்கள் பாராட்டினார்கள்.

ஒருநாள் காலையில் பட்டா நகல் எடுக்க ஓர் அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கைத்தறிப் புடவை, கையில் ஆம்பிளை வாட்ச், கக்கத்தில் குடை. பட்டாவை நீட்டின கை பாதியில் நின்றது.

"அத்த எறக்கு," என்றார்.

எதை என்று எனக்கு விளங்கவில்லை. ஷட்டரையா, விலையையா?

"தொட்டிய எறக்குப்பா. மிஷினு மேல தண்ணி ஊத்தி வெச்சிக்கினு கீற. அது உன் ஊட்டுத் துளசி மாடமா?"

நான் சிரித்தேன். அவர் தொட்டியைத் தானே தூக்கித் தரையில் வைத்தார். தொட்டி இருந்த இடத்தில் வட்டமாகத் துரு. முந்தானையால் அந்தத் துருவைத் துடைத்துக்கொண்டே, கடைக்காரன், கடைக்காரனைப் பெற்றவர்கள், மணி பிளான்ட்டைக் கண்டுபிடித்தவன் என்று எல்லோரையும் வரிசையாகத் திட்டினார். பதறிப்போய், நீங்களே எடுத்துக்குங்க என்றேன். அதற்கும் கோபம் வந்தது. இனாமாக வாங்குகிற ஆள் மாதிரியா தெரிகிறேன் என்று கேட்டு, விலை சொல்லச் சொல்லி, சொன்ன விலையைக் கொடுத்து, விலை குறைவாகச் சொன்னதற்கு மறுபடி திட்டினார். அப்புறம் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். தூக்கினேன். பஸ்ஸில் ஏற்றி வைக்கச் சொன்னார். வைத்தேன். ஆடாமல் பிடித்துக்கொள், டிக்கெட் எடுத்துவிட்டு வருகிறேன் என்றார். பிடித்துக்கொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது. கடையைத் திறந்து போட்டுவிட்டு, கனமான ஒரு மிஷினை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன்.

அப்படித்தான் அந்த அறையை முதல் தடவை பார்த்தேன்.

அனந்தபுரம் பக்கத்தில் அவருக்குச் சொந்த நிலம். மல்லாட்டைதான் பயிர், உங்கள் ஊரில் வேர்க்கடலை என்பீர்கள். வீடு திண்டிவனத்தில். கணவர் இல்லை. பிள்ளைகள் சென்னையில். வீட்டின் முன்பக்கம் மல்லாட்டை மூட்டை அடுக்குவதற்கென்று கட்டின நீள அறை. அதில் மூட்டை இருந்த இடத்திலெல்லாம் பலகை போட்டு, பலகைமேல் டைப்ரைட்டர்கள். தாலுகா கச்சேரியில் இருந்தது, வக்கீல் வீட்டில் இருந்தது, பாதிரியார் பங்களாவில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் இருந்தது. அமெரிக்காவில் செய்தது, பம்பாயில் செய்தது. தமிழ் மிஷின் ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொன்றுக்கும் கோணிப்பையைத் துவைத்துத் தைத்த உறை. வெள்ளிக்கிழமை தோறும் உறையைக் கழற்றி, துடைத்து, தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மறுபடி உறையை மாட்டுவார். உங்களிடம்தான் மல்லாட்டை எண்ணெய் இருக்கிறதே, அதையே விட்டால் என்ன என்று ஒருமுறை யோசனை சொன்னேன். அது காய்ந்தால் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும், உன் மூளையில் பிடித்துக்கொண்டிருக்கிறதே அந்த மாதிரி, என்றார்.

அந்த அறையில் ஒரே சட்டம்தான். யாரும் அடிக்கக் கூடாது.

பேப்பரை மாட்டி அடிக்கக் கூடாது. சும்மாவும் அடிக்கக் கூடாது. ஒரு தடவை அவர் உள்ளே போயிருந்த சமயம், கை அரிப்புத் தாங்காமல் ஒரு கீயை அமுக்கிவிட்டேன். டக். அவ்வளவுதான். சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது: "கைய எடு." நான் எடுத்தது கையை மட்டுமில்லை, ஓட்டத்தையும்.

அக்காவுக்கு டைப் அடிக்கத் தெரியாது. அப்புறம் எதற்கு இத்தனை மிஷின் என்று கேட்டால், கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில். சும்மா கிடந்தது, எடுத்துவந்தேன். எங்கள் வீட்டுக்காரர் கேரம் போர்டு சேர்த்தார், நான் இதைச் சேர்க்கிறேன். உனக்கென்ன, வாடகை கேட்டேனா? ஒருமுறை மட்டும், கோபத்துக்கு நடுவில் ஒரு மூச்சு விட்ட நேரத்தில் சொன்னார்:

"ஒன்னொன்னும் எம்மாம் வேல பாத்திருக்குது. அத்தப் போயி எடைக்குப் போடுறானுங்கப்பா."

சொன்னதும், இதையெல்லாம் உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்று அதற்கும் சேர்த்து என்னைத் திட்டினார்.

என்னிடம் ஒரு பழைய ஆம்னி வண்டி இருந்தது. அது தெரிந்த நாளிலிருந்து நான் அவருடைய டிரைவர். எங்காவது ஒரு மிஷின் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் போன் வரும். வண்டி எடுத்துகினு வா, ஜல்தி. போவோம். விற்கிறவர் வாசலில் மரியாதையாக வரவேற்பார். அக்கா மிஷினைப் பார்ப்பார், பேசின விலையைக் கொடுப்பார், அதற்கப்புறம் விற்றவரைத் திட்ட ஆரம்பிப்பார். உங்கள் அப்பாவுக்குச் சோறு போட்டதை விற்கிறாயே என்பார். விற்காமல் இருந்தால் நாம் எப்படி வாங்குவது அக்கா என்று வரும் வழியில் கேட்பேன். அது வேற, இது வேற என்பார். எது வேற என்று கேட்கிற தைரியம் எனக்கு வந்ததில்லை.

மேல்மலையனூரில் ஒரு ரிட்டயர்டு குமாஸ்தா வீட்டில் மிஷின் இருந்தது. நாள் குறித்தவன் நான். காலண்டரைப் பார்க்காமல் குறித்ததால் அது அமாவாசையாகப் போய்விட்டது. ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். அங்காளம்மன் கோவிலுக்கு வந்த கூட்டம் ரோடு முழுக்க. நடந்தே போய் மிஷினை வாங்கினோம். திரும்பும்போது துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, கோணி உறையோடு மிஷினைத் தூக்கி என் தலையில் ஏற்றிவிட்டார் அக்கா. அவ்வளவு கூட்டமும் எனக்கு வழி விட்டது. ஒரு பாட்டியம்மா கோணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருத்தர் அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்டார்.

"சாமி இல்லம்மா, டைப்பு மிஷினு," என்று அக்கா கத்தினார்.

"எதுவா இருந்தா இன்னாம்மா, தல மேல வெச்சிக்கினு வர்றாரே," என்றார் அந்த அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. தலை ஆடினது. மிஷினுக்குள்ளே பெல் 'டிங்' என்றது. பக்கத்தில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வண்டி நிறுத்தின இடம் வருகிற வரைக்கும் அக்கா என்னைத் திட்டவில்லை. பின்னால் நடந்தவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அது திட்டைவிட மோசம்.

இப்படிச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான் விழுப்புரம் காயலாங்கடை ஒன்றில் பல் இல்லாத மிஷினைப் பார்த்தோம்.

பழைய மேஜை மிஷின்களில் கீ ஒவ்வொன்றும் வட்டமாக இருக்கும். மேலே கண்ணாடி, சுற்றி வெள்ளி மாதிரி வளையம், நடுவில் எழுத்து. அந்த மிஷினில் ஒரு வட்டமும் இல்லை. கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றையும் நறுக்கி எடுத்திருந்தார்கள். வெறும் கம்பிகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. உடம்பில் ஒரு கீறல் இல்லை, உள்ளே எல்லாம் சரியாக இருந்தது, வாய் மட்டும் பொக்கை. காயலாங்கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: பாண்டிச்சேரியிலிருந்து ஒருத்தர் வருவார், கீயை மட்டும் வெட்டிக்கொள்வார், மிச்சத்தை எடைக்குப் போட்டுவிட்டுப் போவார். மோதிரம், தோடு, கைச்சங்கிலி செய்து டூரிஸ்டுகளுக்கு விற்கிறார். நல்ல கிராக்கி.

அக்கா அந்தக் கம்பிகளை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் காயலாங்கடைக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் பாவம், எடைத்தராசுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எங்கிட்ட எதுக்கும்மா மொறைக்கிறீங்க, நானா வெட்டினேன் என்று கேட்டார்.

"உசுரா கீற மிஷினுப்பா இது. இதுக்குப் பல்லப் புடுங்கிக் காதுல மாட்டிக்கினா, நாளைக்கு உன் பல்லப் புடுங்கி மூக்குத்தி போட மாட்டானா?"

அன்றையிலிருந்து பார்க்காத அந்தப் பாண்டிச்சேரிக்காரருக்குப் பல்லுபுடுங்கி என்று பெயர். அக்காவின் கோபம் அதுவரை ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தது. இப்போது ஒரே ஆள்மேல் குவிந்தது. நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். செல்வி பரிமாறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் காதில் புதுத் தோடு. வட்டம். கண்ணாடி. வெள்ளி வளையம். ஒரு காதில் எஸ், இன்னொரு காதில் என் பெயரின் முதல் எழுத்து. பாண்டிச்சேரியில் இருக்கும் அவள் தங்கை, கல்யாண நாளுக்கு வாங்கி அனுப்பியது. அதுவரை எனக்குப் பெண்டாட்டியின் காதைக் கவனிக்கிற பழக்கம் இருந்ததில்லை. அன்றைக்கு அதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. காதில் எறும்பு ஊர்கிறது, உள்ளே போய்ப் பார் என்று ஜாடை காட்டினேன். எந்த எறும்பு என்றாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொள் என்று ஜாடை காட்டினேன். நாம் எப்போது அந்தப் பழக்கம் வைத்தோம் என்று சத்தமாகவே கேட்டாள். நான் சிரிக்க ஆரம்பித்தேன். என் சிரிப்பைக் கேட்டுத்தான் அக்கா தலையைத் தூக்கினார்.

"கழட்டு," என்றார்.

செல்வி என்னைப்போல் இல்லை. "எதுக்குங்க கழட்டணும்? என் தங்கச்சி ஆசையா வாங்கிக் குடுத்தது."

"அது ஒரு மிஷினோட பல்லும்மா. வேல செய்யற மிஷினுலேர்ந்து புடுங்கினது."

"நீங்க மட்டும் இன்னா பண்றீங்க? கோணி போட்டு மூடி வெச்சிக்கினு கீறீங்க. ஒரு எழுத்து அடிக்க உடறதில்ல யாரையும். நான் காதுல மாட்டி வெச்சிருக்கேன், நீங்க ரூம்புல மாட்டி வெச்சிருக்கீங்க. என்னுதாவது நாலு பேரு பாக்கறாங்க."



அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். குடையை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன். கேட்காதவர் மாதிரி நடந்தார். அதற்கப்புறம் போன் இல்லை. நானாகப் போய்ப் பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம். போன் மணி அடித்தாலே சிரிக்க ஆரம்பித்தேன், அது கேஸ் கம்பெனியாக இருந்தாலும்.

ஒருநாள் அந்தக் குரலே வந்தது. "வண்டி எடுத்துகினு வா. ஜல்தி."

திண்டிவனத்தில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மாஸ்டர் இறந்துபோய் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். டைப்ரைட்டர் எல்லாம் போய்விட்டது என்று பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. எங்கள் பக்கத்தில் அரசாங்கத் தட்டச்சுப் பரீட்சை இன்னமும் நடக்கிறது. அந்தச் சர்டிபிகேட் இருந்தால் சில வேலைகளுக்கு மனு போடலாம். கம்ப்யூட்டரில் இல்லை, கையால் அடிக்கிற இந்த மிஷினில்தான் பரீட்சை. அதிலும் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை நடக்கும் இடத்தில் மேஜை, நாற்காலி, கேள்வித்தாள் எல்லாம் இருக்கும், மிஷின் இருக்காது. ஒவ்வொரு இன்ஸ்டிட்யூட்டும் தன் பிள்ளைகளுக்கான மிஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வைக்க வேண்டும். மிஷின் இல்லையென்றால் பரீட்சை இல்லை.

பரீட்சை அந்த வாரக் கடைசியில். மாடிப்படி முழுக்கப் பெண் பிள்ளைகள், கையில் ஹால் டிக்கெட்டோடு. மேலே போனேன். மேஜைகள்மேல் மிஷின்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் பொக்கை வாய். பல்லுபுடுங்கி முந்தின நாளே வந்து, வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தான்.

அக்கா நடுவில் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் மகன் ஜன்னலோரம். பீஸைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த பரீட்சைக்கு ஆறு மாசம் போகணுமே என்றது ஒரு பிள்ளை. ஒல்லியான பிள்ளை, கழுத்தில் சிலுவை டாலர். பெயர் ஸ்டெல்லா. இந்த ஆறு மாதம் போனால் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும், குறி வைத்திருந்த வேலைக்கு மனு போட முடியாது. வேறு இன்ஸ்டிட்யூட்டுகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அவரவர் மிஷின் அவரவர் பிள்ளைகளுக்கே சரியாக இருந்தது.

"பீஸ் வாணாங்க," என்றாள் ஸ்டெல்லா. "மிஷினுதான் வேணும்."

"எம் பொருளு, நான் விக்கறேன்," என்றான் அவன். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க யாருங்க நடுவுல? காயலாங்கடைக்குப் போறது நகையாப் போவுது. நல்லதுதானே?"

எல்லாம் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். மணி பிளான்ட், எடைத்தராசு, செல்வியின் காது, எல்லாம். குடை மேலே போனது. சமாதானம் செய்யலாம் என்று நான் குறுக்கே புகுந்தேன். அடி எனக்கு. நல்ல மரப்பிடி வைத்த குடை. வலியில் அழ வேண்டிய நேரத்தில் நான் சிரித்தேன். மாஸ்டர் மகன் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பயந்து கீழே ஓடினான். அடிவாங்கிச் சிரிக்கிற ஆளை அவன் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான்.

ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்: "உங்க ஊட்ல மிஷினு கீதுன்னு சொல்றாங்களே ஆன்ட்டி?"

"அது அடிக்கறதுக்கு இல்ல," என்றார் அக்கா.

சொல்லிவிட்டு நின்றார். அவர் காதில் அப்போது யார் குரல் கேட்டது என்று எனக்குத் தெரியும். நான் மேற்கூரையைப் பார்த்தேன். பிள்ளைகள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா பொக்கை வாய் மிஷின்களைப் பார்த்தார். படி இறங்கினார். தெருவுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"சிரிக்கிறியா?"

"இல்லக்கா. தோள் வலி."

"உம் பொண்டாட்டிகிட்ட போயி சொல்லு..."

"இன்னான்னு சொல்லணும்க்கா?"

"ஒன்னியும் சொல்ல வாணாம். அந்தப் பொண்ணுங்கள வண்டியில ஏத்து."

கோணி உறைகள் கழன்றன. எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் பாதிக்கு மேல் உடனே ஓடின. மீதிக்கு நான் ரிப்பன் தேடி அலைந்தேன். மல்லாட்டை அறையில் பிள்ளைகள் ஏ எஸ் டி எப் என்று அடிக்க ஆரம்பித்தார்கள். அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் தானே வாங்கினவர் மாதிரி முகத்தைச் சுருக்கினார். மெதுவா, மெதுவா, மிஷினா மல்லாட்டையா, இந்த ஒடை ஒடைக்கிற என்று கத்திக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். அப்புறம், கத்துவதும் மிஷின் சத்தத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லாவுக்கு வாய்த்தது என் கடை வாசலில் இருந்த அதே கருப்பு மிஷின். மணி பிளான்ட்டின் துரு வட்டம் அதன் தலையில் இன்னும் இருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள், வண்டியில் மூட்டை மூட்டையாகக் கோணியைப் பரப்பி மிஷின்களை அடுக்கினோம். ஒரே நடையில் கொள்ளவில்லை. நான் போய்ப் போய் வந்தேன். ஒவ்வொரு நடையிலும் அக்கா பின்னால் உட்கார்ந்து ஒரு மிஷினை மடியில் வைத்துக்கொண்டார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் உள்ள வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தனித்தனியாகத் திட்டு கிடைத்தது.

மறுநாள் விழுப்புரத்தில் பரீட்சை. பெரியவர்களை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றோம். செல்வியும் வந்திருந்தாள், காதில் அதே தோடு. அக்கா பார்த்தார். செல்வி கொடுத்த மோரை மட்டும் வாங்கிக் குடித்தார். மணி அடித்தது. உள்ளே இருந்த அத்தனை மிஷின்களும் ஒரே நேரத்தில் கிளம்பின. அந்தச் சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

"எம்மாம் சத்தம்," என்றார் அக்கா. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதைத் திருப்பினார். "இதுல நம்பளது எது?"

"எல்லாம் ஒரே சத்தம்தானேக்கா."

"உனக்கு ஒன்னியும் தெரியாது. கம்முனு கெட."

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் வரவில்லை. கடைசியில் வந்தாள், வலது கையை மூடிக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது. அக்காவின் முன்னால் நின்று கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு வட்டக் கீ. கண்ணாடிக்குள் ஏ.

"அடிச்சிகினே இருக்கும்போது கழண்டு உழுந்திடுச்சு ஆன்ட்டி. நான் புடுங்கல."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாயைப் பொத்திக்கொண்டேன். செல்வி என் கையைக் கிள்ளினாள். அக்கா கீயைப் பார்க்கவே இல்லை. ஸ்டெல்லாவின் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். சுண்டுவிரல் நுனி கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. கீ விழுந்த பிறகு மிச்சப் பரீட்சையை அவள் அந்த வெறும் கம்பியின்மேல் அடித்து முடித்திருக்கிறாள். இங்கிலீஷில் ஏ வராமல் இரண்டு வார்த்தை எழுத முடியுமா?

"முடிச்சியா?"

"முடிச்சிட்டேன் ஆன்ட்டி."

"கையி கிழிஞ்சி தொங்குது, இவ கீயத் தூக்கிகினு வர்றா," என்று அக்கா கத்தினார். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அறிவு கீதா உனக்கு? மிஷின்ல எது உழுந்தாலும் ஒட்டிக்கலாம். விரல ஒட்டுவியா?" கத்திக்கொண்டே முந்தானையைக் கிழித்து அவள் விரலில் சுற்றினார். முடிச்சு சரியாக விழும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

மிஷின்களை வண்டியில் ஏற்றும்போது, ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதற்றத்தில் நான் முந்திக்கொண்டேன். என் பையில் எப்போதும் ஒட்டுப்பசை இருக்கும். கம்பியில் ஒரு சொட்டு விட்டு, கீயை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். உடனே பிடித்துக்கொண்டது. பெருமையாக நிமிர்ந்தேன்.

அக்கா குனிந்து பார்த்தார். ஏ தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

எனக்குக் காது அடைத்தது. சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இதோ அக்கா, ஒரு நிமிஷம், பிளேயர் வண்டியில்தான் இருக்கிறது, கழற்றித் திருப்பி ஒட்டிவிடுகிறேன் என்று உளறிக்கொண்டே குனிந்தேன்.

"புடுங்காத!"

பிளேயர் என் கையிலிருந்து விழுந்தது.

"புடுங்காத. தலகீழா இருந்தா இன்னா? அடிச்சா வுழுதில்ல? உடு."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அறை மூடப்படவில்லை. பரீட்சை சமயத்தில் மிஷின் இல்லாத பிள்ளைகள் வந்து அடித்தார்கள், அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து திட்டினார். ஸ்டெல்லா பாஸ் பண்ணி, மனுவும் போட்டாள். செல்வி தோட்டைக் கழற்றவும் இல்லை, அக்கா மறுபடி கேட்கவும் இல்லை. ஆனால் கடைசியில் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று, மல்லாட்டை அறைச் சாவியை என் கையில் தரவில்லை. செல்வி கையில் தந்தார். இவன் சாவிய எங்கனா தலகீழா ஒட்டி வெச்சிடுவான் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

இப்போதும் பரீட்சைக்குப் பரீட்சை அந்த மிஷின்களை நான்தான் ஏற்றி இறக்குகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கருப்பு மிஷின் யாராவது ஒரு புதுப் பிள்ளைக்கு வாய்க்கும். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கும். அங்கிள், இதில் ஏ தலைகீழாக இருக்கிறதே, கழற்றித் திருப்பிவிடட்டுமா என்று கேட்கும். எனக்கு முதுகுக்குப் பின்னால் குடை விரிகிற மாதிரி இருக்கும். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

"புடுங்காதம்மா," என்பேன்.

அதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.